ஏழாம் ஆண்டின் பச்சைச் சட்டை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு. மாலை வகுப்புக்கான கட்டுரையில், எங்கள் ஊர் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் ஆண்டில் ஏழு கட்டங்கள் நடந்ததாக எழுதியிருந்தேன். ஆறுதான். நடுவில் விட்ட ஓய்வு நாளையும் ஒரு கட்டமாக எண்ணிவிட்டேன். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "ஓய்வு நாள்ல யாரும்மா ஜெயிச்சா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது என் அண்ணி.

தவறைத் திருத்திவிட்டேன். அண்ணியின் சிரிப்பை எதைக்கொண்டு அழிப்பது என்று தெரியவில்லை.

இந்த மாலை வகுப்பு ஊர் வரலாறு எழுதப் பழகுகிறவர்களுக்கானது. பகலில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் கூடினால் லென்ஸ் உட்காராது, கொஞ்சம் குறைந்தால் கழன்று விழும். எழுதும்போதும் அப்படித்தான். ஒரு வரி எழுதினால் இரண்டு முறை சரிபார்ப்பேன். அதனாலேயே என் அண்ணன் என்னை 'ஆடிட்டர்' என்று கூப்பிடுகிறான்.

ஆண்டுதோறும் நடக்கும் ஆறு நாள் சைக்கிள் பந்தயத்துக்கு இது ஐம்பதாம் ஆண்டு. பந்தயச் சங்கம் ஒரு மலர் போடுகிறது. எங்கள் வகுப்பில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒன்று அதன் முதல் பக்கங்களில் வரும். எழுதியவருக்குப் பந்தயத்தின் பின்னாலேயே போகும் காரில் ஆறு நாளும் ஓர் இருக்கை. எனக்கு அந்த இருக்கை வேண்டும். சின்ன வயதிலிருந்து வருடாவருடம் தெருமுனையில் நின்று பார்க்கிறேன். சைக்கிள்கள் ஒரு தும்மல் வந்து போகிற நேரத்தில் கடந்துவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அண்ணிக்கு அந்த இருக்கையே தேவையில்லை. அவளுடைய அப்பா இந்தப் பந்தயத்தின் ஏழாம் ஆண்டு வெற்றியாளர். வளைவுக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டே வளர்ந்தவள்.

பிப்ரவரி 6, வெள்ளி

வகுப்பில் இன்று கட்டுரையின் முதல் பகுதியைப் படிக்க வேண்டும். நான் பந்தயம் பிறந்த கதையைப் படித்தேன். தபால்காரர்களுக்குள் வந்த சண்டையில் பிறந்தது அது. யாருடைய பாதை கடினம் என்று ஒரு தேநீர் இடைவேளையில் வாக்குவாதம். மேட்டுப் பாதைக்காரர் தன்னுடையதுதான் என்றார். ஆற்றோரப் பாதைக்காரர், எதிர்க்காற்றில் ஒரு நாள் மிதித்துப் பார்த்துவிட்டுப் பேசு என்றார். பேச்சு முற்றியது. ஆறு பாதைகளையும் ஆறு நாளில் எல்லோரும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தபால் நிலையத்தின் வாசலில் முடிந்தது. அடுத்தவன் பாதை தன்னுடையதைவிடக் கடினமாக இருந்துவிடக் கூடாதே என்கிற வயிற்றெரிச்சலில் தொடங்கியதுதான் இத்தனை பெரிய பந்தயம். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

ஆசிரியர் ஓரத்தில் 'சரி' என்று எழுதினார்.

பிறகு அண்ணி படித்தாள். சட்டை மாற்றும் வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாள். இந்தப் பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவர் பச்சைச் சட்டை அணிவார். தொடக்க ஆண்டுகளில் சங்கத்திடம் ஒரே ஒரு பச்சைச் சட்டைதான் இருந்தது. கம்பளிச் சட்டை, தோளில் மூன்று பொத்தான். முதலிடத்தை இழந்தவர், மாலையில், வியர்வை ஈரத்தோடு அதைக் கழற்றி, புதிய முதலிடத்துக்காரருக்குத் தன் கையாலேயே மாட்டிப் பொத்தான் போட்டுவிட வேண்டும். இன்று சட்டைகள் எத்தனையோ இருந்தும் அந்த வழக்கம் போகவில்லை.

ஏழாம் ஆண்டின் கடைசி நாளில் அவள் அப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிட்டவர், அதுவரை முதலிடத்தில் இருந்த ஒரு நெட்டையர். அண்ணி எழுதியிருந்தாள்: 'அவர் முதல் இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டார். மூன்றாவது பொத்தான் துளையில் ஏறவே இல்லை. அப்பா குனிந்து தோளைக் காட்டிக்கொண்டு நின்றார். தோற்றவரின் மூச்சு காதில் பட்டதை அப்பா இன்றும் சொல்வார்.'

ஆசிரியர் எழுதவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு, "அருமைம்மா" என்றார்.

இதை அவள் எப்போது எழுதினாள் தெரியுமா? நேற்று மாலை, குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டு, சமையல் மேடையில் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில். நான் என் பகுதியை நான்கு முறை படி எடுத்தேன்.

பேருந்தில் அவள் என் தோளில் இடித்து, "என்ன நாத்தனாரே, மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க?" என்றாள்.

"கண்ணு வலி."

"கண்ணாடிக் கடையில வேல பாக்கறவளுக்கே கண்ணு வலியா?" என்று அதற்கும் சிரித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணி ஞாயிறுதோறும் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் ஞாயிறு காலை அண்ணனும் நானும் அவனுடைய டெலிவரி வேனைக் கழுவுவோம். அவன் சோப்பு, நான் குழாய். இன்று வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினால் வேன் இல்லை. அண்ணியைக் கொண்டுபோய் விடக் கிளம்பிவிட்டானாம். திரும்பி வந்தவன், "மாமா இன்னிக்கு அந்தச் சட்டைக் கதைய முழுசா சொன்னாரு. நீ கேக்கணும் ஆடிட்டர், மனுஷன் அழுதுட்டாரு" என்றான்.

நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜன்னலோர மேசை என்னுடையதாக இருந்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அது அவர்கள் அறைக்குப் போனது. அதில் அவள் எழுதினாலாவது பரவாயில்லை. துவைத்த துணியை மடித்து வைக்கிறாள்.

பிப்ரவரி 9, திங்கள்

கடைக்கு விடுமுறை. காலையிலேயே நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள் தொகுதிகளைக் கேட்டேன். எந்த ஆண்டு என்று நூலகர் கேட்டபோது, வாயில் தானாக வந்தது: "ஏழாம் வருஷப் பந்தயம் நடந்தப்போ உள்ளது."

ஆறு நாளின் செய்தியும் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் முதல், யார் இரண்டு, எவ்வளவு நேரம் பின்னால் என்று போட்டிருந்தார்கள். நகல் எடுத்து, மேசையில் பரப்பி, அண்ணியின் அப்பாவுக்கும் நெட்டையருக்கும் நேரங்களைக் கூட்டினேன்.

நான்காம் நாள் நெட்டையர் தனியாகப் பிரிந்து போய் ஒன்பது நிமிட வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். மற்ற நாள்களில் இவர் கொஞ்சம் முன்னால், அவர் கொஞ்சம் முன்னால். கடைசி நாள் அண்ணியின் அப்பா இரண்டு நிமிடம் முன்னால். இந்தப் பந்தயத்தில் ஆறு நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்தவருக்குத்தான் சட்டை. கூட்டினால் நெட்டையர்தான் குறைந்த நேரம். சின்ன வித்தியாசமல்ல. ஆறு நிமிடத்துக்கும் மேல்!

மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். சரிதான். ஜெயித்தவர் நெட்டையர். பச்சைச் சட்டை தவறான தோளில் ஏறியிருக்கிறது.

கடைசி நாள் பக்கத்தில் இறுதி முடிவு என்று ஒரு சிறு பட்டியல். அண்ணியின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 13, நெட்டையருக்கு 15, மூன்றாமவருக்கு 22. சட்டை எண்களாக இருக்கும். நேரம் போடவே இல்லை. ஏன் போடவில்லை? போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான்.

உண்மையை எழுத வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆசிரியரிடம் ஒரு பக்கம் கொடுத்தேன். 'ஏழாம் ஆண்டில் வென்றவர் யார்?' என்று தலைப்பு. அண்ணியின் அப்பா பெயரை எழுதவில்லை, 'அறிவிக்கப்பட்ட வெற்றியாளர்' என்றுதான் எழுதினேன். அது நாகரிகம் என்று அப்போது நினைத்தேன்.

அவர் மௌனமாகப் படிப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்று சத்தமாகப் படித்துவிட்டார். முடித்ததும் தாளை உயர்த்திக் காட்டி, "இதுதான் வரலாறு. கேட்ட கதைய அப்படியே எழுதறது ஈஸி. கூட்டிப் பாக்கறதுக்குத்தான் துணிச்சல் வேணும்" என்றார். கடைசி பெஞ்சிலிருந்த மளிகைக்காரர், "அப்போ அந்தச் சட்டையத் திருப்பி வாங்கணுமே சார்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தன் கட்டுரைத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் சரிபார்த்து, பைக்குள் வைத்தாள். அவள் எதையும் ஓரம் சரிபார்த்து நான் கண்டதில்லை.

பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள்.

"நல்லா கூட்டிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ."

"சரி" என்றாள். ஆசிரியர் என் தாளில் எழுதும் அதே சரி.

பிப்ரவரி 13, வெள்ளி

அண்ணி வகுப்புக்கு வரவில்லை. கட்டுரையைத் தரப்போவதில்லை என்று ஆசிரியருக்குத் தகவல் சொல்லிவிட்டாளாம். வருகிற செவ்வாய் சங்கச் செயலாளர் வந்து கட்டுரையைத் தேர்ந்தெடுக்கிறார். ஆசிரியர் என்னிடம் தணிந்த குரலில், "காருக்கு ஒரு தொப்பி வாங்கிக்கோ, வெயில் கடுமையா இருக்கும்" என்றார்.

இருக்கை எனக்குத்தான். எழுதிப் பார்க்கிறேன்: இருக்கை எனக்குத்தான். எதிர்பார்த்த அளவு சந்தோஷம் வரவில்லை. வந்ததும் இனிக்கவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேன் வாசலிலேயே நின்றது. அண்ணி அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். அவள் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. பிறகு மறுபடி இரண்டு முறை அடித்தது. பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அண்ணன் வேனைக் கழுவ என்னைக் கூப்பிட்டான். எத்தனை மாதம் ஆயிற்று! ஓடினேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடியே கேட்டான்.

"ஏன் ஆடிட்டர், எனக்கு ஒண்ணு புரியல. அந்த நெட்டையர் ஆறு நிமிஷம் முன்னால இருந்தாருன்னா, எதுக்கு வந்து இவருக்குப் பொத்தான் போட்டுவிட்டாரு? லூசா அவரு?"

"ஏமாத்திருப்பாங்க."

"யாரு? அத்தன தபால்காரனுங்க நின்னு பாக்கறாங்க. ஆளுக்கொரு வாய். யாருமே கேக்கலியா? ஒரு தபாலு தப்பான வீட்டுக்குப் போனாலே ஊரக் கூட்டுவானுங்க."

"உனக்கு அண்ணிக்கு சப்போர்ட் பண்ணணும், அவ்வளவுதான்."

"குழாய என் மேல காட்டாத. சந்தேகம் கேட்டா கோவம் வருது உனக்கு. வேற எந்த வருஷமாவது கூட்டினியா, இல்ல இது மட்டுந்தானா?"

நான் குழாயைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். கோபம்தான். அண்ணிக்காக என்னிடம் வாதாடுகிறானே என்று. ஆனால் அவனுடைய கடைசிக் கேள்வியும் கூடவே வந்தது. ஒரு வரியை இரண்டு முறை சரிபார்க்கிறவள், ஒரே ஓர் ஆண்டை மட்டும் கூட்டியிருக்கிறேன்.

கட்டுரைக்காக முன்பே எடுத்து வைத்த ஐந்தாம், எட்டாம் ஆண்டு நகல்கள் இருந்தன. கூட்டினேன். ஐந்தாம் ஆண்டு வெற்றியாளர் நேரத்தில் மூன்றாவது. எட்டாம் ஆண்டு, அதிலும் ஒத்துவரவில்லை. எல்லா ஆண்டும் ஏமாற்றுவார்களா?

கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை ஏழாம் ஆண்டின் கடைசி நாள் செய்தியில் இருந்த படத்தின் மேல் வைத்தேன். நெட்டையர் அண்ணியின் அப்பாவின் தோளில் குனிந்திருக்கிறார். பச்சையைக் கழற்றித் தன் சட்டையை மாட்டியிருந்த அவர் முதுகில் எண் தெரிகிறது: 31. பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது 15.

அப்படியானால் 15 சட்டை எண் இல்லை.

நேரங்களை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் நெட்டையர் எடுத்த இடங்களை மட்டும் எழுதினேன். இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று, மூன்று, நான்கு. கூட்டினால் பதினைந்து. அண்ணியின் அப்பாவுக்கு ஒன்று, மூன்று, இரண்டு, இரண்டு, நான்கு, ஒன்று. பதின்மூன்று.

அந்தக் காலத்தில் நேரத்தைக் கூட்டவில்லை. இடத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒன்பது நிமிடம் முன்னால் வந்தாலும் ஒரு சக்கர அளவு முன்னால் வந்தாலும், முதலிடம் முதலிடம்தான், அதற்கு ஒன்றுதான். கூட்டல் யாருக்குக் குறைவோ அவருக்குச் சட்டை.

பிப்ரவரி 16, திங்கள்

நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஏழாம் ஆண்டு முதல் நாள் பக்கத்திலேயே விதி இருந்தது. போன வாரம் இதே பக்கத்தை நகல் எடுத்தபோது முடிவு இருந்த பாதியை மட்டும் எடுத்திருக்கிறேன். டியூப் வெடித்தால் வீரர் தானே ஒட்டிக்கொள்ள வேண்டிய காலம் அது. ஒரு நாள் ஆணி குத்தினால் அரைமணி நேரம் போய்விடும். ஓர் ஆணிக்காக ஆறு நாள் உழைப்பு வீணாகக்கூடாது என்று இடங்களைக் கூட்டும் முறையை வைத்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில்தான் நேரத்துக்கு மாறியிருக்கிறது. நான் இன்றைய விதியை எடுத்துக்கொண்டு போய் அன்றைய மனிதரை அளந்திருக்கிறேன்.

மாலையில் அண்ணி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நகல்களோடு போய் நின்றேன். ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

"அண்ணி, நான் தப்பா கூட்டிட்டேன். உங்க அப்பாதான் ஜெயிச்சாரு."

அவள் கிளிப்பைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. நான் விதியைப் படித்தேன், இடங்களைக் காட்டினேன், பதின்மூன்று, பதினைந்து என்று விரல் வைத்துச் சொன்னேன். கடைசித் தலையணை உறையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் திரும்பினாள்.

"நேத்து அப்பா மூணு தடவ ஃபோன் பண்ணாரு. எடுக்கல. ஏன் தெரியுமா? எடுத்தா கேட்டுருவேன்னு பயம். 'ஏம்பா, நீ நெஜமாவே ஜெயிச்சியா'ன்னு."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"நீ கூட்டினது தப்பு. அத நீ திருத்திருவ. உனக்கு அது கைவந்த வேல. நான் அஞ்சாறு நாளு எங்கப்பாவப் பொய்யருன்னு நெனச்சிட்டு சமைச்சேன், துவச்சேன், தூங்கினேன். அத யாரு திருத்துவா?"

நான் நகல்களை மடித்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஐம்பது வருஷம் இருக்கு. ஏன் எங்கப்பா வருஷத்த மட்டும் கூட்டின?"

"பொறாமை."

"அது இந்த வீட்டு செவுத்துக்கே தெரியும்" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எதுக்குன்னுதான் புரியல. என்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"மேசை. அண்ணன். ஞாயித்துக்கெழம. அந்த மூணாவது பொத்தான்."

"மேச வேணும்னா தூக்கிட்டுப் போ. உங்கண்ணனையும் தூக்கிட்டுப் போ, குறட்டை தாங்கல." துணிக் குவியலை என் கையில் திணித்தாள். "பொத்தானத் தர முடியாது. அது எங்கப்பாவோடது."

படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு வகுப்புல, எல்லார் முன்னாடியும் சொல்லணும். அந்த மளிகைக்காரர் இருக்கும்போது சொல்லணும். நான் முன் பெஞ்சுல உக்காந்திருப்பேன். என் கட்டுரையையும் குடுக்கப்போறேன்."

இதை எழுதும்போது அவர்கள் அறையிலிருந்து ஃபோனில் அவள் குரல் கேட்கிறது. "இல்லப்பா, தலவலிதான்... ஆமாப்பா, மறுபடி சொல்லு, கேக்கறேன்... மூணாவது பொத்தான்லேர்ந்து சொல்லு." மறுமுனையில் அவர் நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. அவள் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அது போய்விட்டது என்று எழுதினால் பொய் எழுதியதாகும்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் என் கட்டுரையில் ஆசிரியர் பாராட்டிய எதுவும் மிஞ்சாது. 'சரி' மட்டும் மிஞ்சும். தொப்பி இன்னும் வாங்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

நாளை செய்ய வேண்டியது: கடையிலிருந்து அரைமணி முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்பது. செயலாளர் வருவதற்கு முன் வகுப்புக்குப் போய், ஆசிரியரிடமிருந்து என் பக்கத்தைத் திருப்பி வாங்குவது. கரும்பலகையில் இரண்டு பேரின் ஆறு இடங்களையும் எழுதிக் கூட்டிக் காட்டுவது. விதியை முழுவதும் படிப்பது. வென்றவர் யார் என்று, இந்த முறை பெயரோடு, சொல்வது. பிறகு என் கட்டுரையை அண்ணியுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருவது.